இருபத்து நாலுக்குப் பன்னிரண்டு

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொக்கி என்றால்தான் தெரியும். நடுரோட்டில் நின்றுபோன கார், பள்ளத்தில் இறங்கிய லாரி, இடித்து நசுங்கிய வேன், எதுவானாலும் ரெக்கவரி வண்டியோடு போய்க் கொக்கியை மாட்டி இழுத்து வருவது அவர் வேலை. வேலை என்று மட்டும் சொன்னால் போதாது, அது அவருடைய தலையெழுத்து. அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளையும் இழுத்துக் கரை சேர்த்தார். பிறகு என் தம்பி எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தான், அவனையும் இழுத்தார். என் மாமியாருக்கு முட்டி போனபோது மாடிப்படியில் முதுகில் சுமந்தார். ‘இல்லை’, ‘முடியாது’, ‘என்னால் ஆகாது’ இதெல்லாம் அந்த மனிதர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. வெளியில் இருப்பவர்கள் இதை நல்ல குணம் என்பார்கள். கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டுப் பாருங்கள், குணமாவது மண்ணாவது.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை மடிக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் பேச்சு கொஞ்சம் காரமாகத்தான் வரும். அவருக்கு அது பழகிவிட்டது. நான் கத்துவேன், அவர் தலையாட்டுவார், பிறகு இருவரும் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவோம்.

இவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ரிமோட்டில் பறக்கும் விமானம். சின்னப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கையைக் கழற்றினால்தான் அது வாசலைத் தாண்டும். உடம்பு எங்கள் வீட்டு நடைவழியில் நீளமாகப் படுத்திருக்கும். குளியலறைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூக்கில் பெட்ரோல் என்ஜின். செய்து முடிக்க வருடக்கணக்கில் ஆயிற்று. அத்தனை நாளும் என் சாப்பாட்டு மேசை பசையும் மரத்தூளுமாகக் கிடந்தது. “இது பறக்கிறதுக்குள்ள நான் பறந்துடுவேன்” என்று திட்டிக்கொண்டே தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

பறந்தது. ஆனால் இவருக்காகப் பறக்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் இவர்களுடைய கிளப். அங்கே பாதிப்பேரிடம் இருப்பது கிளைடர். என்ஜின் கிடையாது, காற்றில் மிதக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே போக வேண்டுமானால் இன்னொரு விமானம் முன்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உயரம் வந்ததும் கிளைடர் கயிற்றை விட்டுவிட்டுச் சுகமாக மிதக்கும். இழுத்தது கீழே இறங்கி அடுத்ததை இழுக்கும். அந்தக் கிளப்பில் இழுக்கத் தெம்புள்ள விமானம் இவருடையது ஒன்றுதான். அப்புறம் கேட்கவா வேண்டும்? முதலில் என் தம்பி ஒரு கிளைடர் வாங்கிக்கொண்டு வந்தான். “அத்தான், ஒரு தடவை தூக்கி விடுங்க” என்றான். அடுத்து கிளப் தலைவரான பல் டாக்டர், இருப்பதிலேயே கனமான கிளைடர் அவருடையது. பிறகு ஆளுக்கு ஆள். வாரம் முழுக்கச் சாலையில் இழுத்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வானத்தில் இழுத்தே தீர்த்தார் என் வீட்டுக்காரர்.

கயிறு மாட்டியதும் “பின்னாடி ரெடியா?” என்று கேட்பார். கிளைடர்காரன் “ரெடி” என்பான். அதற்குப் பிறகுதான் என்ஜினை முடுக்குவார். அது அவருடைய வாயிலேயே ஒட்டிக்கொண்டது. குடும்பத்தோடு எங்காவது கிளம்பினாலும் வண்டியில் உட்கார்ந்து “பின்னாடி ரெடியா?” என்பார். தூக்கத்தில்கூட ஒருமுறை கேட்டார். “நான் ரெடி, நீங்க தூங்குங்க” என்றேன்.

இழுப்பதற்கென்றே அந்த விமானத்தின் மூக்கில் ஒரு மர ப்ரொப்பெல்லர் இருந்தது. இருபத்தேழுக்கு எட்டு. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். காது என்று ஒன்று இருக்கிறதே. முதல் எண், நுனிக்கு நுனி எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது எண்ணைப் பிட்ச் என்பார்கள். மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னால் போகப் பார்க்கும் என்பது. நீளம் அதிகம், பிட்ச் குறைவு என்றால் இழுவை உண்டு, வேகம் கிடையாது. நீளத்தைக் குறைத்துப் பிட்ச்சைக் கூட்டினால் வேகம் வரும், இழுவை போய்விடும். இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டால் என்ஜின் திணறிச் சூடேறி நின்றுவிடும். இருபத்தேழுக்கு எட்டு என்பது லாரி மேடேறும்போது போடுகிற முதல் கியர். இந்த மனிதர் ஆயுசு பூராவும் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் வேலையிலிருந்து வந்தவர் கை கழுவப் போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்னடா இது என்று எட்டிப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

“என்னாச்சுங்க?”

“ஒரு கார். மரத்துல மோதிடுச்சு. ஓட்டினவர் பிழைக்கல. என் வயசுதான் இருக்கும்.”

அவருடைய தொழிலில் இது புதிதல்ல. நான் துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“டிக்கியில ஒரு தூண்டில் இருந்துச்சு. புதுசு. கவர் கூடப் பிரிக்கல. நான்தான் எடுத்துப் போலீஸ்கிட்ட குடுத்தேன்.” என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஒரே ஒரு தடவை சும்மா பறக்கணும் போல இருக்கு. யாரையும் இழுக்காம.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ‘எனக்கு இது வேணும்’ என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுதால் அவர் பேச்சை மாற்றிவிடுவார் என்று குழாயை மூடினேன். “பறங்க. யார் வேண்டாங்கிறா? அடுத்த லீவு ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. எவன் வந்து கயிறை நீட்டினாலும் கையை ஒடிக்கிறேன்” என்றேன்.

“அப்போ வேற ப்ரொப்பெல்லர் போடணும்” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. “எது போடறதுன்னுதான் தெரியல.”

மற்றவர்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். டாக்டருடைய கிளைடர் இவ்வளவு கனம், கயிறு இவ்வளவு நீளம், எதிர்க்காற்று இவ்வளவு, ஆகவே இது என்று. தனக்கு என்றதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டார். ப்ரொப்பெல்லர் விற்கிறவருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இழுக்கிறதுக்கா?” என்று கேட்டது போன்.

“இல்ல, சும்மா.”

“சும்மான்னா? வேகமா போகணுமா, செங்குத்தா ஏறணுமா, மெதுவா சுத்தணுமா? உங்களுக்கு எப்படிப் பறக்கணும்?”

இவர் விழித்தார். “எப்படியாவது” என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். “எப்படியாவதுன்னு ஒரு ப்ரொப்பெல்லர் இருக்குதாங்க? அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லுங்க” என்று போனை வைக்கச் சொன்னேன். நாலு பேர் பசியைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறியவருக்குத் தன் பசி என்னவென்று தெரியவில்லை. அவர்மேல் வந்த கோபம் எல்லார்மேலும் திரும்பியது. என்மேலும்தான், பொய் சொல்வானேன். நானும் அந்த மனிதரை என்ன வேணும் என்று கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டதோ.

கடைசியில் அந்தக் கடைக்காரரே முயற்சி பண்ணிப் பாருங்கள் என்று இரண்டு மூன்று ப்ரொப்பெல்லர்களை அனுப்பி வைத்தார். இவர் ஒவ்வொன்றையும் ஒரு கம்பியில் கோத்து நடு விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். இதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வராது. அடுத்தவன் பாரத்தைச் சரிபார்க்கிற கை அல்லவா.

ஒரு சாயங்காலம் ரெக்கவரி வண்டிகள் நிற்கிற கொட்டடிக்குப் போனோம். விமானத்தின் வாலில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை மூட்டை நிறுக்கிற ஸ்ப்ரிங் தராசில் மாட்டி, தராசை இவருடைய வண்டிக் கொக்கியில் மாட்டினார். என்ஜினை முழு வேகத்தில் விட்டால் விமானம் எவ்வளவு இழுக்கிறது என்று தராசு முள் காட்டும். சுற்று எண்ணுகிற கருவியை ப்ரொப்பெல்லருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். காலையிலிருந்து ஈர விரிப்பு தூக்கிய தோள். காதுக்குப் பக்கத்தில் அந்த இரைச்சல் வேறு. இந்தக் கண்றாவியெல்லாம் எனக்குத் தேவையா என்று மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டி முடித்தேன்.

முதலில் பழைய இருபத்தேழுக்கு எட்டு. முள் எகிறியது. அடுத்து இருபத்து நாலுக்குப் பன்னிரண்டு. முள் பாதி வழியில் தயங்கித் தயங்கி நின்றது. என்ஜினும் குரல் கம்மித் திணறியது. பிறகு நடுவில் இருக்கிற ஒன்று. அதற்கு முள்ளும் நடுவிலேயே நின்றது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

“பழசுதான் நல்லா இழுக்குது” என்றார்.

“யாரை?”

“ம்?”

“யாரை இழுக்குதுன்னு கேக்குறேன். பின்னாடி என்ன கட்டப் போறீங்க? என்னையா?”

அவர் தராசைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். ஒருத்தரையும் இழுக்காமல் பறப்பதற்கு ப்ரொப்பெல்லர் தேட வந்த மனிதர், எது அதிகம் இழுக்கிறது என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்! இந்த உலகத்தில் இவருக்கு மட்டும்தான் இது வரும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேராகப் போய்த் தராசைக் கழற்றி வண்டிக்குள் எறிந்தேன்.

“இப்ப சொல்லுங்க. கண்ணை மூடிக்கங்க. மேல போயாச்சு. பின்னாடி ஒருத்தனும் இல்ல. என்ன பண்ணுவீங்க?”

கண்ணை மூடச் சொன்னதும் மூடிவிட்டார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கொட்டடி நடுவில் நின்றார். என்ஜின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

“பெரிய வட்டம்” என்றார் மெதுவாக. “படுத்த வட்டம் இல்ல. நிமிர்ந்த வட்டம். கீழ வேகமா வந்து, அப்படியே மேல தூக்கி, தலைகீழாப் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வரணும். ரொம்பப் பெருசா.”

“அதுக்கு எது?”

“அதுக்கு வேகம் வேணும். பிட்ச் கூட வேணும்.” கண்ணைத் திறந்தார். “இருபத்து நாலுக்குப் பன்னிரண்டு. தரையில திணறும். காத்துல ஏறி வேகம் பிடிச்சதும்தான் அதுக்கு மூச்சு வரும். இறங்கும்போதும் சட்டுனு நிக்காது, தள்ளிக்கிட்டே போகும். ஓடுபாதை முடிவுல வாய்க்கால் வேற இருக்கு.”

“விழுந்தா விழட்டும்” என்றேன்.

“அப்படிச் சொல்லாதே” என்றார். ஆனால் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. புல்வெளியில் நாங்கள் இறங்கும்போதே கிளைடர்கள் வரிசையாக நின்றன. “கொக்கி வந்தாச்சு!” என்று ஒரு குரல். என் தம்பி இறக்கையைத் தூக்க ஓடி வந்தான். பல் டாக்டர் நடந்து வந்து, விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றார்.

“என்ன இது, குட்டையா இருக்கு? இது எங்களை எப்படித் தூக்கும்?”

என் வீட்டுக்காரர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இறக்கையைத் திரும்பத் துடைத்தார். அதற்குள் தம்பி வண்டியிலிருந்து கத்தினான். “அத்தான், பழசு இங்கதான் இருக்கு! சீட்டுக்கு அடியில! ஸ்பேனரும் இருக்கு!”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பழைய போர்வையில் சுற்றி அந்த இருபத்தேழுக்கு எட்டை எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்.

“எதுக்கும் இருக்கட்டுமேன்னு” என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டாக்டர் சிரித்துக்கொண்டே, “மாத்துறதுக்கு எவ்வளவு நேரமாகப் போகுது? காத்து நல்லா இருக்கும்போதே என்னை மட்டும் தூக்கி விட்டுடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். கெட்டவர் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று பழகிப் போனவர். தம்பி அதற்குள் ஸ்பேனரை நீட்டிவிட்டான். இவருடைய கையும் பழக்கத்தில் நீண்டது.

நான் சண்டை போட்டிருப்பேன். வாயில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் நான் போட்டால் அது என் சண்டை ஆகிவிடும், அவர் அங்கேயும் தலையாட்டிக்கொண்டு நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, “நீங்களே சொல்லுங்க” என்றேன்.

ஸ்பேனரை வாங்கினார். ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து புல்மேல் வைத்தார்.

“முதல்ல நான் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்” என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் அவர் வாயிலிருந்து ‘முதல்ல நான்’ என்று வந்ததில் என் தம்பி அப்படியே நின்றுவிட்டான். டாக்டர், “ஓ... சரி, சரி” என்று பின்னால் நகர்ந்தார்.

என்ஜின் பிடித்தது. விமானம் ஓடுபாதையின் தலைப்பில் நின்றது. இவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று எல்லாரும் பார்த்தோம்.

“பின்னாடி ரெடியா?” என்றார்.

யாரோ பக்கென்று சிரித்தார்கள். பின்னால் கயிறும் இல்லை, கிளைடரும் இல்லை. அவருக்கே உறைத்து, காது மடல் சிவந்தது. “ரெடிங்க” என்றேன் நான்.

ஓடியது. அவர் சொன்ன மாதிரியே தரையில் திணறியது. ஓடுபாதை தீர்ந்துவிடுமோ என்று வாய்க்காலைப் பார்த்தேன். எழும்பி வேகம் பிடித்ததும் அந்தக் கரகரப்பு போய்க் குரல் மாறியது. எனக்கே மூச்சு வந்தது. மேலே போனது. மெதுவாக இடது பக்கம் திரும்பியது. பெரிய, அகலமான, படுத்த வட்டம். இன்னொன்று. சாய்வு அதிகமாகாமல், வேகம் கூடாமல், குழந்தையை ஏந்திக்கொண்டு நடக்கிற மாதிரி. கிளைடர் கயிற்றை விடுகிற உயரம் வந்ததும் இடது பக்கமாகச் சரிந்து கீழே வந்தது. அதை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். கயிறு விடுபட்ட பிறகு அடுத்ததற்காக அவர் இறங்கி வருகிற வழி அது. பின்னால் ஒன்றும் இல்லாமலே ஒருவரை இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்திருந்தார்.

என் தம்பிக்கும் அது புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை பாடு? மூக்கிலிருந்த மரத்தை மாற்றினோம், மனுஷன் மாறவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. நேராக அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏங்க.”

“ம்.” கண் வானத்தில் இருந்தது. விமானத்தைத் தரையில் இறக்காமல் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பின்னாடி யாரும் இல்லைங்க.”

“தெரியும்” என்றார். “கை கேக்க மாட்டேங்குது.” அந்தக் குரலில் இருந்த அசதியை நான் எங்கள் வீட்டில் தினமும் கேட்டிருக்கிறேன். என் குரலிலும் கேட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் பையில் இருந்த அவருடைய போன் அடித்தது. ரெக்கவரி ஆபீஸ். எடுத்தேன். “லீவுன்னு தெரியும், ஆனா ஒரு பஸ் நின்னு போச்சு, கொக்கியைக் கொஞ்சம் வரச் சொல்ல முடியுமா?” என்றது. அவர் காதிலும் விழுந்தது. தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

“அவரு வேலையா இருக்காரு” என்று சொல்லிப் போனை அணைத்தேன். பிறகு அவர் காதருகில், சலவைக் கூடத்து இரைச்சலில் பேசுகிற குரலில் கத்தினேன்: “யாரும் இல்லைங்க! நான்கூட இல்ல! விடுங்க!”

அவர் என்ஜினை முழுக்க முடுக்கினார். விமானம் கீழ்நோக்கி வந்தது, வந்துகொண்டே இருந்தது. புல்வெளிக்கு மேல் சீறிக்கொண்டு போய், மூக்கை நிமிர்த்தி, மேலே, மேலே, தலைகீழாகி, மறுபக்கம் கவிழ்ந்து இறங்கியது. நல்ல வட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் நசுங்கிய வட்டம். ஆனால் பெரியது, ரொம்பப் பெரியது. அவர் வாயைத் திறந்து “ஹா!” என்றார். அந்தச் சத்தத்தை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பவும் போட்டார். அது கொஞ்சம் உருண்டு வந்தது. இன்னும் ஒன்று போட்டார்.

இறங்கும்போது அவர் பயந்தபடியே நிற்காமல் தள்ளிக்கொண்டே போனது. வாய்க்காலுக்கு முந்தின உயரமான புல்லில் சிக்கி நின்றது. தம்பி ஓடிப் போய்த் தூக்கி வந்தான். ஒரு கீறல் இல்லை. டாக்டர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் டாங்கைத் திறந்து பெட்ரோல் ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது. முகம் வேர்த்திருந்தது. “இன்னொரு தடவை போகவா?” என்று என்னைக் கேட்டார்.

“என்னை ஏன் கேக்குறீங்க?”

அவர் விமானத்தை ஓடுபாதைத் தலைப்பில் கொண்டுபோய் வைத்தார். வரிசையில் நின்ற கிளைடர்களைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. அவர் கேட்பார் என்று ‘ரெடி’ சொல்ல நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அப்படியே முடுக்கிவிட்டார்.